பகடை மேசையும் ஆச்சியின் கணக்கும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே செல்வோர், கோப்பாயைக் கடந்து வாழைத் தோட்டங்களின் பசுமை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் நீர்வேலி வந்துவிட்டதென அறிவர். அரசகேசரிப் பிள்ளையார் கோவிலால் பெயர் பெற்ற ஊர். நாவலர் காலத்துச் சங்கர பண்டிதரை நமக்குத் தந்த ஊர். அத்தகைய ஊரிலே, ஒரு வீட்டுத் திண்ணையில், அமெரிக்கச் சூதாட்ட மேசையைப் பற்றிப் பாடம் நடந்தது என்றால் வாசகர் வியப்படையக்கூடும். ஆயினும் நடந்தது, அதற்குத் தக்க காரணமும் இருந்தது.

சித்திரை வருடப் பிறப்பின் மறுநாள். பிள்ளைகள் ஒரு மூலையில் சோகிகளை உருட்டித் தாயம் விளையாடிக் கொண்டிருந்தனர். உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கும் என் மருமகனோ கைத்தொலைபேசியில் ஆழ்ந்திருந்தான். எட்டிப் பார்த்தேன். பச்சை நிறமான ஒரு மேசை, அதன்மேல் கட்டங்கள், இரண்டு பகடைக் காய்கள் உருண்டு கொண்டிருந்தன.

“இதற்குக் கிராப்ஸ் என்று பெயர், மாமா. இன்னும் காசு கட்டவில்லை. விதிகளை விளங்கிக்கொண்டு, வருடப் பிறப்புக் கைவிசேஷத்தைக் கட்டிப் பார்க்கலாமென்று இருக்கிறேன்” என்றான்.

கோபித்தால் ஒளித்து விளையாடுவான். ஆகவே, “விதிகளை நான் சொல்லுகிறேன். கணக்கை நீ செய்” என்று கூறி, தாளும் பென்சிலும் எடுத்துவரச் செய்தேன். மாணவ நேயர்களும் அவ்வாறே எடுத்துக் கொள்வார்களாக.

இவ்வாட்டம் இங்கிலாந்தில் ‘ஹசார்ட்’ என்ற பெயரால் ஆடப்பட்ட பழைய பகடை ஆட்டத்தின் வழிவந்தது. அமெரிக்காவிற் சென்று உருமாறியது. 1931ஆம் ஆண்டில் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பின்னர், லாஸ் வேகாஸ் நகரின் பெயரோடு சேர்ந்து உலகெங்கும் அறியப்பட்டது.

காய்கள் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் முகம் ஆறு. எனவே விழக்கூடிய வகைகள் 36. அவற்றுள் 7 என்னும் தொகை ஆறு வகையாக விழும். 6உம் 8உம் ஐந்து வகை. 5உம் 9உம் நான்கு. 4உம் 10உம் மூன்று. 3உம் 11உம் இரண்டு. 2உம் 12உம் ஒவ்வொரு வகையே. இச்சிறு அட்டவணையே மேசை முழுவதற்கும் திறவுகோல்.

முதற்பந்தயம் ‘பாஸ் லைன்’ எனப்படும். முதல் எறிகையில் 7 அல்லது 11 விழுந்தால் கட்டியவனுக்கு வெற்றி. 2, 3, 12 விழுந்தால் தோல்வி. வேறெந்தத் தொகை விழுந்தாலும் அது ‘பொயின்ற்’ ஆகும். பின்பு, 7 விழுவதற்கு முன் அத்தொகை மீண்டும் விழுமாயின் வெற்றி. 7 முந்துமாயின் தோல்வி. ‘டோன்ற் பாஸ்’ என்பது ஏறக்குறைய இதற்கு எதிரான பந்தயம். ஆயினும் முதல் எறிகையில் 12 விழுந்தால் அதற்கு வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை.

மருமகன் கணக்கிட்டான். பின்னம் வராதிருக்க 1980 ஆட்டங்களை எடுத்துக்கொண்டோம். சராசரியாக, முதல் எறிகையிலேயே 440 வெற்றி, 220 தோல்வி. எஞ்சிய 1320 ஆட்டங்களில் 4, 10 ஆகியவற்றால் 110 வெற்றி. 5, 9 ஆகியவற்றால் 176. 6, 8 ஆகியவற்றால் 250. கூட்டினால் வெற்றி 976, தோல்வி 1004.

“வித்தியாசம் இருபத்தெட்டுத்தானே, மாமா! நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை” என்று மகிழ்ந்தான்.

“இது மேசையின் மிக நல்ல முகம். மற்ற முகத்தையும் பார்” என்றேன். அடுத்த எறிகையில் 7 விழும் என்று கட்டலாம். விழுந்தால் ஒன்றுக்கு நான்கு கிடைக்கும். 36 எறிகைக்கு ஒவ்வொரு ரூபா வீதம் கட்டினால், ஆறு தடவை வென்று பெறுவது 24. முப்பது தடவை தோற்று இழப்பது 30. 36 ரூபாவில் ஆறு போயிற்று! நூற்றுக்குப் பதினாறுக்கும் மேல். ‘பொயின்ற்’ விழுந்த பிறகு கூடுதலாகக் கட்டும் ‘ஓட்ஸ்’ என்னும் பந்தயம் ஒன்றே நேர்மையான விகிதம் தருவது: 4, 10 ஆகியவற்றுக்கு ஒன்றுக்கு இரண்டு, 5, 9 ஆகியவற்றுக்கு இரண்டுக்கு மூன்று, 6, 8 ஆகியவற்றுக்கு ஐந்துக்கு ஆறு. ஆனால் முதற்பந்தயம் கட்டியவனே அதைக் கட்டலாம்.

“நெடுநேரம் 7 விழாதிருந்தால், அடுத்து விழவேண்டும் அல்லவா?” என்று கேட்டான். சூதாடிகள் அனைவரையும் ஏமாற்றும் எண்ணம் இதுவே. காய்க்கு நினைவில்லை. நூறு தடவை விழாதிருப்பினும், அடுத்த எறிகையிலும் அதன் வாய்ப்பு 36இல் ஆறுதான். 1654ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பஸ்காலும் பெர்மாவும் சூதாட்ட வினாக்களைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது. சூதிலிருந்து உலகம் பெற்ற பெரும் ஆதாயம் அக்கணிதமே எனலாம்.

இதுவரை வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த ஆச்சி தலை நிமிர்ந்தார்.

“தம்பி, அந்த மேசை வைத்திருக்கிறவன் தானும் காய் உருட்டுவானோ?”

“இல்லை ஆச்சி. மற்றவர்கள் உருட்டுவார்கள்.”

“விடிய விடிய மேசை திறந்திருக்குமோ?”

“இருக்கும்.”

“அப்படியென்றால் அவன் தோட்டக்காரன். நீங்கள் குலை.”

திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தனர். ஆச்சி சிரிக்கவில்லை.

“என்னுடைய ஐயாவும் கெட்டிக்காரன். கடுதாசி விளையாட்டில் அவரை வெல்ல ஆளில்லை என்பார்கள். வென்ற நாளில் எல்லாருக்கும் சொல்லுவார். தோற்ற நாளில் அம்மாவுக்குக் கூடச் சொல்லமாட்டார். ஆறு பரப்புத் தோட்டம் முதலில் ஈடு போயிற்று; பிறகு அறுதியாகவே போயிற்று. எனக்குச் சீதனமாக எழுத வைத்திருந்த காணி அது.”

அவர் இதனை அதற்கு முன் எங்களிடம் கூறியதில்லை. மருமகன் பென்சிலைக் கீழே வைத்தான்.

பள்ளிக்கூடத்துக் கணிதமும் ஆச்சியின் அநுபவமும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் கண்டேன். நூற்றுக்கு ஒன்றரை என்பது சிறு தொகையே. ஆயினும் அது ஒவ்வொரு பந்தயத்திலும் அறவிடப்படுவது. ஆடுபவனின் முதல் சிறிது. மேசைக்குரியவனின் முதல் பெரிது. ஆட்டம் நீண்டால் சிறுமுதலே முன்னர் வற்றும். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்ததும், நளன் கதையும் பாண்டவர் கதையும் நம் கோவில்களில் மீண்டும் மீண்டும் படிக்கப்பட்டு வந்ததும் காரணமின்றி அன்று. அந்நாளில் சூது களத்தைத் தேடி ஆள் போகவேண்டியிருந்தது. இன்றோ அக்களம் பிள்ளையின் சட்டைப்பைக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆகையால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தடுப்பதோடு நில்லாது, கணக்கையும் காட்டுங்கள். விதிகளை அறிவதில் பிழையில்லை. விதிகள் யாருக்காக அமைக்கப்பட்டவை என்பதை அறியாதிருப்பதே பிழை.

அன்று மாலை மருமகனும் நானும் தோட்டப் பக்கம் நடந்தோம். ஆச்சி சொன்ன காணியை அவனே விசாரித்து அறிந்து, எனக்குச் சுட்டிக் காட்டினான். வேலிக்கு அப்பால் வாழைகள் குலை தள்ளி நின்றன. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், “ஆறு பரப்பு, மாமா” என்று மட்டும் சொன்னான்.