பழைய மின்வாளைத் திருத்துவதா, புதியது வாங்குவதா?

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள பெரியமடுவில், எங்கள் பாடசாலைக்கு அண்மையில் ஒரு தச்சுப்பட்டறை உண்டு. அதன் உரிமையாளர் ஒரு மாலை என்னிடம் வந்தார். "அதிபர் ஐயா, என் மேசைவாள் கிழண்டிவிட்டது. மோட்டார் சுற்றுகிறவர் திருத்தலாம் என்கிறார். கடைக்காரர் தள்ளிவிட்டுப் புதிது எடு என்கிறார். நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்" என்றார்.

கலைப் பட்டதாரியாகிய எனக்கு இயந்திரத்தைப் பற்றி யாது தெரியும்? எனினும் என்னிடம் படித்த பையன் ஒருவன் அங்கே தொழில் பழகுகிறான். ஆகையால், இயந்திரம் திருத்தும் அன்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மறுநாள் சென்றேன்.

பத்து அங்குல வாள், வார்ப்பிரும்பு மேசை, வார்ப்பட்டியால் சுழல்வது. 2009ஆம் ஆண்டு போர் ஓய்ந்தபின், மக்கள் ஊர் திரும்பி வீடு கட்டத் தொடங்கிய நாள்களில் வாங்கியதாம். இந்திய அரசின் உதவியுடன் வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகள் கட்டும் பணி 2012இல் தொடங்கியது. அவற்றுள் பெரும்பாலானவற்றை உரியவர்களே முன்னின்று கட்டுவித்தார்கள். கதவுநிலைக்கும் யன்னலுக்கும் சலாகைக்கும் தச்சரைத் தேடி ஆட்கள் வந்தபடி இருந்த காலம் அது. அவ்வாள் அக்காலத்தில் ஓய்ந்திருந்ததே இல்லை.

இப்போது அது இரைகிறது, சுடுகிறது, கோணலாக அரிகிறது. ஒரே நோய் என்று தச்சர் எண்ணியிருந்தார். உண்மையில் அவை மூன்று நோய்கள்.

இரைச்சலை முதலில் பார்த்தோம். மின்னிணைப்பைக் கழற்றி, வாளையும் வார்ப்பட்டியையும் நீக்கி, அச்சைக் கையால் சுழற்றினால் மணல் அரைபடுவதுபோல் ஓர் ஒலி. பெயரிங் தேய்ந்துவிட்டது. அதன் பக்கத்தில் 6204 என்ற இலக்கம் பொறித்திருந்தது. உள்விட்டம் 20 மில்லிமீற்றர் என்பதை அவ்விலக்கமே சொல்லிவிடும். மேசைவாளைச் செய்த நிறுவனத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. உதிரிப்பாகக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது அது.

சூடு வேறு கதை. மோட்டாரைக் கழற்றுமுன் அன்பர் மின்கம்பியைத் தொடர்ந்து நடந்தார். வீட்டிலிருந்து பட்டறைவரை நீண்டு கிடந்தது மெல்லிய கம்பி. 230 வோல்ற்று மின்சாரம் அதனூடே வருகையில், பாரம் ஏறியதும் அழுத்தம் தாழ்ந்துவிடுகிறது. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், இத்தகைய மோட்டாரின் திருப்புவலி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அக்குறையை ஈடுசெய்ய அது மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும், அதனாற் சுடும். புதிய இயந்திரத்தைக் கொணர்ந்து அதே கம்பியில் பூட்டியிருந்தால், அதுவும் கருகியிருக்கும்!

கோணலுக்குக் காரணம் வாள்தகட்டின் பற்கள். முதிர்ந்த பனையின் வெளிவயிரத்துக் கருநார் எந்தப் பல்லையும் விரைவில் மழுக்கிவிடும். வன்னி மரங்கள் சிலவற்றுள் எறிகணைச் சிதறல்களும் புதைந்திருக்கின்றன. பல் அதிற் பட்டால் தெறித்துவிடும். அரியுமுன் மரத்தைக் காந்தத்தால் தடவிப் பார்ப்பது ஓரளவு உதவும், ஆழத்தில் உள்ளதை அது காட்டாதெனினும்.

அவ்வாறாயின் எதைக் கண்டால் கைவிடலாம்? மேசையையோ அச்சைத் தாங்கும் உடலையோ பிளந்து வெடிப்பு ஓடியிருந்தால் கைவிடலாம். மேலே படிந்த துரு ஒரு பொருட்டன்று. மண்ணெண்ணெயும் உரைதாளும் போதும். அச்சு தேய்ந்து, புதிய பெயரிங்கும் அதில் ஆடுமாயின், கடைசற்காரரிடம் புதிய அச்சின் கூலியைக் கேட்டபின்னரே முடிவு செய்ய வேண்டும். தச்சரின் அச்சு நன்றாகவே இருந்தது.

கடைக்காரர் காட்டிய புதிய வாளையும் பார்த்தோம். அலுமினிய மேசை, கார்பன் தேயும் சிறு மோட்டார், தூக்கிச் செல்ல வசதி. இடையிடையே பலகை அரிபவருக்கு அது நன்று. நாள் முழுதும் முதிரையும் பனையும் அரிபவருக்கு, அது பழையதன் இடத்தை நிரப்பும் என்று நான் நம்பவில்லை. விலையையும் நோக்குங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிப் பொருளின் விலையை அதற்கு முந்திய கணக்கில் எண்ணுவதற்கில்லை.

இவ்வளவில் திருத்துவதே சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பேன். ஆனால் தச்சரின் இடக்கைச் சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. அவ்வாளே கொண்டுபோயிற்று. வாளுக்கு மேல்மூடி இல்லை. அரிந்த பிளவு நெருங்கி வாளைக் கவ்வாதபடி பின்னே நிற்க வேண்டிய தகடும் இல்லை. பிளவு கவ்வினால், பலகை அரிபவரை நோக்கிப் பாயும். கை வாளின்மேல் இழுபடும். "பழகிய கை, ஐயா" என்றார் அவர். பையன் அருகில் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய கை இன்னும் பழகாத கை.

மூடியும் தகடும் பொருத்த இடமில்லாத உடலாயின், பெயரிங் எவ்வளவு மலிவாயினும் அவ்வாளை உடைத்து இரும்புக்குப் போடும்படி சொல்லியிருப்பேன். மற்றொருவருக்கு விற்கவும் விட்டிரேன். நல்லவேளையாக, பின்புறத்தில் இரண்டு துளைகள் இருந்தன. அன்பர் தகட்டை வாளின் கனத்துக்கேற்ப இராவி, வாளோடு நேர்ப்படுத்திப் பூட்டினார். பெயரிங், வார்ப்பட்டி, தடித்த கம்பி, எட்டிய இடத்தில் நிறுத்துவிசை, மேல்மூடி யாவும் சேர்ந்து, புதிய வாளின் விலையில் மூன்றிலொரு பங்கை எட்டவில்லை. மோட்டாரைச் சுற்றவே இல்லை.

மூடி கண்ணை மறைக்கிறதென்று தச்சர் இன்னும் முணுமுணுக்கிறார். பையன் அரியும்போது மட்டும் அதைத் தாமே இறக்கிவிடுகிறார்.