காலையில் ஏறிய விமானம் மதியம் ஏன் ஏறவில்லை?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். வயலுக்கு மருந்து அடிக்கிற விமானம், அதாவது கிராப் டஸ்டர், வயலுக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே, டேக்ஆஃப்லயே விழுந்து பைலட் உயிர் போறது ஏன்?

முதல்ல எடை. ஏர் டிராக்டர் ஏடி-802னு ஒரு அமெரிக்க விமானம். அதோட மருந்துத் தொட்டி 800 கேலன், கிட்டத்தட்ட 3,000 லிட்டர் பிடிக்கும். தண்ணிக் கணக்குல பார்த்தாலே மூணு டன். காலி விமானமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். தன் எடைக்குச் சமமா இன்னொரு எடையைத் தூக்கிட்டு ஓடணும், அதுவும் பல நேரம் வயலோரத்துல இருக்கிற குட்டி மண் ரன்வேயில.

அடுத்தது வெயில். சூடான காற்று அடர்த்தி குறைஞ்சது. இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், ப்ரொப்பெல்லருக்கு இழுவை குறையும், இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும். கடல் மட்டத்துல இருக்கிற ரன்வேயில 40 டிகிரி அடிச்சா, விமானத்தைப் பொறுத்தவரை அது சுமார் 3,000 அடி உயரத்துல இருக்கிற ரன்வே மாதிரி. எடை 10 சதவீதம் கூடினா, டேக்ஆஃப் தூரம் குறைஞ்சது 21 சதவீதம் கூடும். ரெண்டும் ஒண்ணா சேர்ந்தா?

இங்கதான் பொறி இருக்கு. காலை ஆறு மணிக்கு அதே லோடு, அதே ரன்வே, அழகா ஏறிடுச்சு. ஏழாவது ட்ரிப்பும் ஏறிடுச்சு. மதியம் ரெண்டு மணிக்கு எதுவுமே மாறாத மாதிரிதான் தெரியும். கோட் அதேதான், என்விரான்மென்ட் மட்டும் மாறிடுச்சு. இந்தத் தொழில்ல பெரும்பாலும் ஏக்கர் கணக்குல காசு. அதனால லோடைக் குறைச்சுக்கலாம்னு சொல்றது அவ்வளவு சுலபம் இல்ல.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு: கிரவுண்ட் எஃபெக்ட். தரைக்கு ரொம்பப் பக்கத்துல பறக்கும்போது, தூக்குவிசையை உருவாக்குறதால வர்ற இழுவை பாதிக்குக் கிட்ட குறையலாம். அதனால போதுமான வேகம் இல்லாமலேயே சக்கரம் தரையை விட்டுடும். பைலட் "ஏறிட்டோம்"னு நினைப்பார். கொஞ்சம் மேல போனதும் அந்தச் சலுகை போயிடும். எதிர்ல மரம். மூக்கைத் தூக்கினா வேகம் இன்னும் குறையும், இறக்கை ஸ்டால் ஆகும். அந்த உயரத்துல மீள இடமே இல்ல.

தப்பிக்க வழி இருக்கா? இருக்கு, டம்ப் லீவர். இழுத்தா தொட்டியோட அடிக்கதவு திறந்து லோடு கொட்டும். ஊர்களுக்கு மேல வேலை பார்க்கிற விமானம் அனுமதிச்ச லோடுல பாதியையாவது 45 வினாடிக்குள்ள கொட்டக்கூடியதா இருக்கணும்னு அமெரிக்க விதியே சொல்லுது. ஆனா மரம் வர்றதுக்கு 45 வினாடி கிடைக்காது. அதோட, எடை சட்டுனு இறங்கும்போது மூக்கு தானா மேல எகிறும். பைலட் உடனே ஸ்டிக்கை முன்னாடி தள்ளணும். தள்ளலைன்னா காப்பாத்த வேண்டிய லீவரே ஸ்டால்ல கொண்டு போய் விட்டுடும்.

விழுந்தா உயிராவது மிஞ்சணும்னு யோசிச்சவர் ஃப்ரெட் வீக். 1950-ல பறந்த அவரோட ஏஜி-1 இதுக்காகவே வடிவமைச்ச விமானம். தொட்டி முன்னாடி, பைலட் அதுக்குப் பின்னாடி உயரத்துல. மோதினா லோடு பைலட்டை நசுக்காது. இன்னைக்கு இருக்கிற ஏர் டிராக்டர் வரைக்கும் அதே அமைப்புதான்.

ஆனா நல்ல பாதுகாப்பு ரன்வேயிலயே இருக்கு. பைலட்டுகள் சொல்ற 50/70 கணக்கு: பாதி ரன்வே முடியும்போது டேக்ஆஃப் வேகத்துல 70 சதவீதம் வரலைன்னா, நிறுத்திடு. ரன்வே ஓரத்துல பாதி தூரத்துக்கு ஒரு கொடி நட்டு வச்சாப் போதும். முடிவு இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. மரத்தைப் பார்த்த பிறகு யோசிக்க வேண்டியதில்ல.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.