அலையைத் தாங்கும் முருகைக்கற்பாறை

நீங்கள் நிற்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தரை மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். 1990 வரை இங்கு இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் இதுதான். இந்தத் தரையைக் கடலிடமிருந்து காப்பவை கரையோர முருகைக்கற்பாறைகள்; அவற்றில் மோதியே அலை தன் வலுவை இழக்கிறது. கடல்நீரின் சூடு வழமையைவிட ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தாலே, முருகை உயிரிகள் தமக்கு உணவூட்டும் நுண்பாசியை இழந்து வெளுத்துவிடும். 1998இலும் 2016இலும் இலங்கையில் பல பாறைகள் அப்படி வெளுத்தன.

செயற்கைப் பாறையாலும் அலையைத் தணிக்கலாம். மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கு அருகேயுள்ள வான் தீவு அரிப்பால் சுருங்கிக்கொண்டே வந்தது. 2015 முதல் அதன் முன்னே கடலடியில் கொங்கிறீற்றுச் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். தீவில் மணல் மீண்டும் சேர்ந்தது. அந்தப் பாறைகளில் மீன்களும் குடியேறின. அரிய வெற்றிதான். ஆனாலும் உயிருள்ள பாறை தானே வளரும், தன் காயத்தைத் தானே ஆற்றும். கொங்கிறீற்றால் அது முடியாது. கரையை இழந்தால் நன்னீரும் பாதிக்கப்படும். குடாநாட்டின் கிணற்று நீர், நீங்கள் நிற்கும் இந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் மழைநீர். கடல் உயர்ந்து கரை பின்வாங்கினால் முதலில் உவர்ப்பது கரையோரக் கிணறுகளே.