குளிர்சாதனப் பெட்டியின் உணரி பழுதானால் இன்சுலின் என்னவாகும்?

சேலம், நாமக்கல் சமவெளியில் பங்குனி பிறந்ததுமே வெயில் கடுமையாகிவிடுகிறது. சித்திரையிலும் வைகாசியிலும் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் பல. இன்சுலின் போட்டுக்கொள்ளும் குடும்பங்கள் இக்காலத்தில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை முழுமையாக நம்பியிருக்கின்றன. ஊசி தவறாமல் போட்டும், உணவில் மாற்றமில்லாமலும் சர்க்கரை குறையவில்லை என்று வருவோரிடம், அந்தப் பெட்டியைப் பற்றியும் நாங்கள் கேட்பது இதனால்தான்.

இன்சுலின் ஒரு புரதம். திறக்கப்படாத குப்பிகளையும் பேனாக்களையும் 2 முதல் 8 டிகிரி வரையான குளிர்ச்சியில் வைக்க வேண்டும். மிகுந்த வெப்பத்தில் அதன் வீரியம் சிறிது சிறிதாகக் குறையும். உறைந்துவிட்டாலோ அதை நம்பிப் பயன்படுத்த இயலாது. உறைந்து உருகிய பின் சில வகைகளில் திரிகள் தென்படும். தெளிவான வகைகள் பார்வைக்கு முன்போலவே இருக்கக்கூடும். ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்யலாகாது.

இதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. வீரியம் குறைந்த மருந்தால் சர்க்கரை ஏறும்போது சிலர் தாமாகவே அளவைக் கூட்டிக்கொள்கின்றனர். பின்னர் நல்ல குப்பியைத் திறந்து அதே கூடுதல் அளவைப் போட்டால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயக்கம் வரலாம்.

இன்றைய பெட்டிகள் பலவற்றில் வெப்பநிலையை அளப்பது சென்சார் எனப்படும் ஒரு சிறு உணரி. குளிர் கூடினால் அதன் மின்தடை கூடும். வெப்பம் கூடினால் குறையும். அதைக் கொண்டே கட்டுப்பாட்டுப் பலகை கம்ப்ரசரை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிறது. உணரியின் மின்தடை தவறாகக் குறைந்துவிட்டால், உள்ளே சூடாக இருக்கிறது என்று பலகை கொள்ளும். கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். தண்ணீர்ப் புட்டியும் காய்கறியும் உறையும். மின்தடை தவறாகக் கூடினால் கம்ப்ரசர் உரிய நேரத்தில் ஓடாது, பால் திரியும். முற்றிலும் பழுதானால் சில பெட்டிகள் எச்சரிக்கைக் குறியீடு காட்டும். அரைகுறையாகப் பழுதானால் எந்த அறிவிப்பும் இல்லாமல் போகலாம்.

பழுதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. குளிர்சாதனப் பெட்டிக்கான வெப்பமானியை ஒரு குவளைத் தண்ணீரில் இட்டு, நடுத்தட்டில் இரவு முழுவதும் வையுங்கள். காலையிலும் பிற்பகலிலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அளவு 2க்குக் கீழேயோ 8க்கு மேலேயோ இருந்தால், முதலில் குளிர் அளவுக் குமிழ், கதவின் ரப்பர், காற்றுத் துளைகளை அடைத்திருக்கும் பாத்திரங்கள், படிந்த பனிக்கட்டி ஆகியவற்றைச் சரிபாருங்கள். மறுநாளும் மாற்றமில்லையெனில் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். பலகையை மாற்றுவதற்கு முன் உணரியையும் அதன் இணைப்பையும் மீட்டரால் சோதிக்கச் சொல்லுங்கள். உணரி மட்டும் பழுதென்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். நீங்களே உட்புறத்தைக் கழற்ற வேண்டாம். மின்தாக்குதலுக்கும் எரிவாயுக் குழாய் சேதமடைவதற்கும் இடமுண்டு.

அதுவரை இன்சுலினை என்ன செய்வது? உறைந்த, அல்லது உறைந்திருக்கலாம் என்று ஐயம் எழும் மருந்தை ஒதுக்கிவிடுங்கள். உறையாமல், 8 டிகிரியைத் தாண்டினாலும் 30 டிகிரிக்குள் இருந்த மருந்தில் பெரும்பாலான வகைகளை அன்றிலிருந்து 28 நாட்களுக்குள் பயன்படுத்தலாம். வகைக்கு வகை இது மாறும் என்பதால் உறையில் அச்சிட்டுள்ளதையே பின்பற்றுங்கள். குப்பியில் தேதியை எழுதி வையுங்கள். அதற்கு மேல் சூடாகியிருந்தால் எங்களிடம் காட்டுங்கள். மீதமுள்ள குப்பிகளை அண்டை வீட்டுப் பெட்டியில் வைக்கலாம். அதற்கும் வழியில்லையெனில், பெரிய மண்பானையில் ஈரமணலிட்டு, அதனுள் சிறிய பானையை அமர்த்தி, நீர் புகாத டப்பாவில் மருந்தை வைத்து நிழலில் வையுங்கள். நம் ஊரின் வறண்ட கோடைக் காற்றில் நீர் விரைந்து ஆவியாவதால் பானைக்குள் வெப்பம் தணியும். ஆயினும் அது குளிர்சாதனப் பெட்டிக்கு ஈடாகாது. பனிக்கட்டியின்மேல் மருந்தை நேராக வைக்காதீர்கள்.

மருந்து கெட்டதோ என்ற அச்சத்தில் ஊசியை நிறுத்திவிடவும் கூடாது. அன்றே புதிய குப்பி வாங்கி, வழக்கமான அளவையே போட்டு, சர்க்கரையை அடிக்கடி சோதியுங்கள். சர்க்கரை மிகுந்திருக்கும்போது வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மயக்கநிலை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். குழந்தைகளிடம் இந்நிலை விரைவாக முற்றும்.

பெட்டி நன்றாக இயங்கும்போதும் இன்சுலினைப் பின்சுவரை ஒட்டியோ உறைபனி அறைக்கு அருகிலோ வைக்க வேண்டாம். மூடிய டப்பாவில் நடுத்தட்டின் முன்புறம் வையுங்கள். வெப்பமானி ஒன்று நிரந்தரமாக உள்ளேயே இருக்கட்டும். சர்க்கரை அளவைக் குறிக்கும் குறிப்பேட்டிலேயே பெட்டியின் அளவையும் எழுதி வந்தால், அடுத்த முறை வரும்போது மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா, மருந்தையே மாற்ற வேண்டுமா என்பதை எளிதில் முடிவு செய்ய இயலும்.