கொள்ளுத்தாத்தா கண்ட ஜப்பானிய வாள்



என் அப்பாயியின் தந்தையார் வயிற்றுப் பிழைப்புக்காக நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயா சென்றவர். அங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். 1942 முதல் 1945 வரை அந்நாடு ஜப்பானியர் பிடியில் இருந்தது. ஊர் திரும்பியபின், “சப்பான்காரன் வாளுக்கு நம்ம அரிவாள் மாதிரி மரப்பிடிதான்” என்று அடிக்கடி கூறுவாராம். கேட்டவர்கள் சிரித்தார்களாம். படங்களில் காணும் ஜப்பானிய வாளின் பிடி நாடா சுற்றி எவ்வளவு அழகாக இருக்கிறது! அவர் கூறியது பொய்யா? அதை அறியவே நான் நூல்களைத் தேடிப் படித்தேன்.

ஜப்பானியப் படையில் அதிகாரிகளுக்கு ஒரு வாள், அவர்களுக்குக் கீழ்ப்பட்ட சார்ஜண்ட் போன்றோருக்கு வேறொரு வாள். அதிகாரியின் வாளில் மரப்பிடிமேல் திருக்கை மீன் தோலைப் போர்த்தி, அதன்மேல் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுவர். திருக்கை நம் நாகைக் கடலிலும் கிடைக்கும் மீன்தான்! பிடி கழலாமல் இருக்க ஒரு சிறு மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுத்தால், உள்ளே மறைந்திருக்கும் இரும்பில் கொல்லரின் பெயர் வெட்டப்பட்டிருப்பதும் உண்டு. சில அதிகாரிகள் பாட்டனார் காலத்து அலகுக்கே புதிய பிடி போட்டு அணிந்தனர். ஆகவே மேற்பூச்சை மட்டும் பார்த்து வாளின் வயதைக் கூற இயலாது.

மற்றவர்களுக்கு உரிய வாள் 1935-இல் வந்தது. இது தொழிற்சாலையில் எந்திரத்தால் செய்யப்பட்டது. அலகில் ஓர் எண் பொறித்திருக்கும். உறையிலும் அதே எண் இருக்க வேண்டும். எண்கள் வேறுபட்டால், உறை வேறு வாளுடையது என்று அறியலாம். மூங்கில் ஆணிக்குப் பதில் இதில் திருகாணி. இதன் பிடி முதலில் செம்பாலும், பின்னர் அலுமினியத்தாலும் வார்க்கப்பட்டது. நாடா சுற்றியதுபோல் வார்த்து வண்ணமும் பூசினார்கள்.

போர் நீண்டது. சரக்குக் கப்பல்கள் கடலில் மூழ்கின. செம்பு குண்டுகளுக்கும் அலுமினியம் விமானங்களுக்கும் தேவைப்பட்டன. எனவே போரின் இறுதிக் காலத்தில் இவ்வாள்களுக்குக் குறுக்குக் கோடுகள் கீறிய வெறும் மரப்பிடி, அலங்காரமற்ற இரும்புக் கைக்காப்பு, மர உறை ஆகியவையே அமைந்தன. இவற்றை முதன்முதலில் காண்போர் ‘போலி’ என ஒதுக்கிவிடக்கூடும். ஆனால் அந்த எளிமைதான் வாள் பிறந்த காலத்தைக் காட்டுகிறது. பிற்காலத்தில் விற்பனைக்கென்று செய்யப்பட்ட உண்மையான போலிகளும் உண்டு. எனவே எண், முத்திரை, திருகாணி அனைத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

1945 செப்டம்பர் 12-இல் சிங்கப்பூரில் ஜப்பானியர் சரணடைந்தனர். அவர்களுடைய வாள்கள் பறிமுதலாயின. அவ்வாறு குவிக்கப்பட்ட வாள்களைத்தான் கொள்ளுத்தாத்தா பார்த்திருக்கிறார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை!

அவர் சொன்ன இன்னொன்றையும் வீட்டில் மிகையென்றே எண்ணியிருந்தார்கள். தம் தம்பியைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போட அழைத்துச் சென்றார்கள் என்றும், லயத்திலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை என்றும் கூறுவாராம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943-இல் முடிந்தது. அதில் பல்லாயிரம் தமிழர்கள் காய்ச்சலாலும் காலராவாலும் பசியாலும் மாண்டது வரலாறு.

நான் படித்ததை அப்பாயியிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க அப்பா பொய் சொல்றவரு இல்லம்மா” என்று மட்டும் கூறிக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

தோழியரே! நம் வீட்டு முதியோர் கூறுவது வியப்பாக இருந்தால் சிரித்துவிட வேண்டாம். முதலில் கேட்போம், பிறகு தேடிப் பார்ப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி