பொக்கணைகளைக் கண்காணித்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மரக்கறிக்கும் இறைக்கும் நீர், மாரிமழையால் நிலத்தடியில் சேர்ந்து கிணற்றில் ஊறும் நீரே. செம்மண்ணின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லை மழைநீர் நெடுங்காலமாகக் கரைத்து, வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கியுள்ளது. இத்தகைய குகையின் கூரை இடிந்து தாழ்ந்த இடமே இடிகுண்டு அல்லது பொக்கணை எனப்படும். புத்தூர் நிலாவரையும் ஊரெழுப் பொக்கணையும் இவ்வகையின. நிலாவரையில் இட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்பர் முதியோர். தேசிக்காயின் பயணத்துக்கு நாம் பிணைநிற்க வேண்டியதில்லை. ஆயினும், நீர் கல்லினூடே வழிகண்டு நெடுந்தூரம் செல்லும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

வயலில் விழும் மழை மண்ணினூடே மெல்ல வடிந்து ஓரளவு தூய்மையாகின்றது. பொக்கணையில் விழும் நீருக்கு அவ்வடிகட்டல் இல்லை. எனவே அதனுள் எறியப்படும் குப்பையும், செத்த விலங்கும், பூச்சிநாசினிப் போத்தலும் அயற்கிணறுகளையே சென்றடையக்கூடும். பள்ளத்தைக் குப்பையால் நிரப்பி நிலம் திருத்துவதும் தவறு. மழைநீர் உட்செல்லும் வாயும் அதனால் அடைபடும்.

யூரியாவும் எருவும் மிகுதியாக இடப்படுமிடத்து நைத்திரேற்று நிலத்தடி நீரில் கலக்கின்றது. ஒரு லீற்றர் குடிநீரில் அது 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட நீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தையை நீலம்பாரிக்கச் செய்யலாம். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

உவர்ப்பு மற்றோர் ஆபத்து. நன்னீர் கனமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் ஓர் அடி தாழ்ந்து அவ்வாறே நிலைக்குமாயின், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி உயரக்கூடும். ஆகவே நீர்மட்டத்தை அளப்பது வீண்வேலை அன்று.

இவ்வேலைக்குப் பெரும் கருவிகள் தேவையில்லை. ஊருக்கு நாலைந்து தொண்டர் போதும். முதலில், ஊரிலுள்ள பொக்கணைகளையும் அயற்கிணறுகளையும் ஒரு படத்தில் குறித்துக்கொள்க. விளிம்பில் அசையாத கல்லொன்றில் அடையாளமிட்டு, அடிக்கணக்கு முடிச்சிட்ட கயிற்றால் அங்கிருந்து நீர்மட்டம்வரை அளந்து எழுதுக. இறைப்புத் தொடங்கும் முன், காலையிலேயே அளத்தல் வேண்டும். இல்லையேல் ஒரு கிழமையின் அளவை மறுகிழமையுடன் ஒப்பிட இயலாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறையும், பெருமழைக்கு மறுநாளும் செல்க. நீரின் நிறம், மணம், மேலே மிதக்கும் எண்ணெய், வயல் வாய்க்கால் உள்ளே வந்து விழும் இடம் ஆகியவற்றையும் கொப்பியில் பதிக. சுவைத்துப் பார்த்தல் ஆகாது. கயிறும் வாளியுமின்றி எவரும் உள்ளே இறங்கவும் வேண்டாம். கயிறும் வாளியும் இருந்தாலும் இறங்க வேண்டாம். ஆழத்தில் நச்சுவாயு நிற்கக்கூடும்.

தோட்டத்தில் நிலம் வட்டமாகத் தாழ்ந்தாலோ, இறைத்த நீர் திடீரென ஒரு துளையில் மறைந்தாலோ, அவ்விடத்தைச் சுற்றி வேலியிட்டு, உழவு இயந்திரத்தையும் பிள்ளைகளையும் விலக்கி, கிராம அலுவலருக்கு அன்றே அறிவிக்குக. நீரில் எண்ணெயோ துர்நாற்றமோ காணின், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொப்பியைக் காட்டி, நீர் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்கலாம். திகதியும் அளவும் எழுதிய கொப்பி, வாய்முறைப்பாட்டிலும் வலியது.