காசு கொடுத்து வாங்கும் விசா தேதி

சென்னை அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி நிற்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில், காகிதக் கட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு காலை வேளையில் வரிசையில் நிற்கும் வயதான தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். கடல் கடந்து வாழும் மகளுக்குப் பேறுகாலம் என்றால், பிரசவத்துக்கு முன்பே தாய் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது நம் குடும்பங்களில் விவாதத்துக்கு இடமில்லாத கடமை. குழந்தை பிறக்கப்போகும் மாதம் தெரிந்திருக்கிறது. நேர்காணலுக்குத் தேதிதான் கிடைக்கவில்லை. இந்த மனக்கலக்கத்துக்கு நடுவில்தான், 'ஸ்லாட் வாங்கித் தருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு ஏஜெண்டு பிரவேசிக்கிறார்.

இந்தத் தட்டுப்பாடு புதிதல்ல. கொரோனாக் காலத்தில் தூதரகங்கள் வழக்கமான அலுவல்களை நிறுத்திவைத்திருந்தமையால் விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்து, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய நகரங்கள் சிலவற்றில் பயணி விசா நேர்காணலுக்கான காத்திருப்பு 900 நாட்களையும் தாண்டிற்று. பிறகு அந்தக் காத்திருப்புக் காலம் வெகுவாகக் குறைந்தபோதிலும், அந்நாட்களில் முளைத்த தேதி வியாபாரம் மட்டும் வேர்விட்டு நிலைத்துவிட்டது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம். பயணி விசாவுக்கு அமெரிக்க அரசாங்கம் விதித்திருக்கும் விண்ணப்பக் கட்டணம், 2023 ஜூன் முதல், 185 டாலர். அந்தக் கட்டணத்தைச் செலுத்திய ஒருவர் தமது கணக்கில் நுழைந்து, கைரேகைப் பதிவுக்கு ஒரு தேதியும் நேர்காணலுக்கு ஒரு தேதியும் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தேதிக்கென்று தனியாக ஒரு காசும் கிடையாது. ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பங்களைப் பெறும் விஎஃப்எஸ் குளோபல் நிறுவனமும், தேதி பதிவு இலவசம் என்றே திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. ஆகவே ஏஜெண்டுக்குக் கொடுக்கும் ஆயிரக்கணக்கான ரூபாய், விலையில்லாத ஒரு பொருளுக்குக் கொடுக்கும் விலையாகும்.

அப்படியானால் நமக்குக் கிடைக்காத தேதி அவருக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? தூதரகத்துக்குள் அவருக்குச் செல்வாக்கு இருப்பதாக நினைப்பவர்கள் பலர். உண்மை அவ்வளவு மர்மமானதன்று. விண்ணப்பதாரரின் கணக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் ரகசியக் கேள்விகளுக்கான பதில்களையும் வாங்கிக்கொண்டு, 'பாட்' எனப்படும் தானியங்கி நிரலை ஏவி, மனிதக் கை ஒருமுறை தட்டும் நேரத்தில் நூறுமுறை அந்தத் தளத்தின் கதவைத் தட்டச் செய்து, யாரோ ரத்துசெய்த தேதி தலைகாட்டிய மாத்திரத்தில் அதைக் கவ்விக்கொள்கிறார்கள். இதனால் தாமாகவே முயலும் சாமானியர்களுக்குத் தேதி தென்படுவதற்கு முன்பே மறைந்துவிடுகிறது. மறைந்ததைக் கண்டு மனம் தளர்ந்தவர்கள் அதே ஏஜெண்டிடம் போய்ச் சேருகிறார்கள். தட்டுப்பாட்டுக்கு மருந்து விற்பவரே அந்த நோயையும் வளர்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைக்க எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

இந்த நிலையைத் தூதரகமும் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. 2025 மார்ச் மாதத்தில், பாட்கள் மூலம் பதிவான சுமார் 2,000 நேர்காணல் தேதிகளை ரத்துசெய்வதாகவும், அவற்றோடு தொடர்புள்ள கணக்குகளின் பதிவு உரிமையை நிறுத்திவைப்பதாகவும் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் பகிரங்கமாக அறிவித்தது. அந்தக் கணக்குகள் யார் பெயரில் இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். நிரலை எழுதியவர் பெயரிலோ, பணத்தை வாங்கியவர் பெயரிலோ அல்ல. பிரயாணத்துக்குக் காத்திருந்தவர்களின் பெயரில்தான் இருந்தன. ஏஜெண்டுக்கு நஷ்டமானது ஒரு வாடிக்கை. விண்ணப்பதாரருக்கு நஷ்டமானது மகளின் பேறுகாலமாகவோ, மகனின் பட்டமளிப்பு விழாவாகவோ இருந்திருக்கக்கூடும்.

மற்றொரு விதியும் ஏஜெண்டுகளின் அவசரத்துக்கு எதிராக நிற்கிறது. 2025 ஜனவரி முதல், இந்தியாவில் அமெரிக்க விசா நேர்காணல் தேதியைக் கட்டணமின்றி ஒரே ஒரு முறைதான் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாம் முறை மாற்ற வேண்டியிருந்தாலும், குறித்த நாளில் போகத் தவறினாலும், 185 டாலரை மறுபடி கட்ட வேண்டும். நம் பணத்தில் அது 15,000 ரூபாய்க்கும் மேல். 'இப்போதைக்கு ஒரு தேதியைப் பிடித்துவைப்போம், பிறகு முன்னுக்கு நகர்த்துவோம்' என்று ஏஜெண்டு நம்மைக் கேளாமலே ஒருமுறை நகர்த்திவிட்டால், அந்த ஒரே வாய்ப்பும் தீர்ந்துபோகிறது.

இவையெல்லாம் பணத்தோடும் காலத்தோடும் போகிற நஷ்டங்கள். இவற்றைவிடக் கொடியது டிஎஸ்-160 என்னும் விண்ணப்பப் படிவத்தில் பதுங்கியிருக்கிறது. தாய் தந்தையர் பெயர், உத்தியோகம், வருமானம், முந்தைய பிரயாணங்கள், ஐந்து வருஷங்களாக உபயோகித்த சமூக ஊடகக் கணக்குகள் என்று ஒரு மனிதரின் வாழ்க்கையையே கேட்கும் படிவம் அது. அதைப் பூர்த்திசெய்ய யாரேனும் உதவினார்களா என்ற கேள்வியும் அதில் உண்டு. பிறர் பூர்த்திசெய்தாலும், எல்லாம் உண்மை என்று ஒப்பமிடும் மின்னணுக் கையெழுத்தை விண்ணப்பதாரரே இட வேண்டும். ஏஜெண்டோ, தாமே ஒப்பமிட்டு அனுப்பிவிட்டு, 'எல்லாம் முடிந்தது அம்மா' என்கிறார். விசா கிடைக்க வேண்டுமே என்ற ஆவலில், இல்லாத வாடகை வருமானத்தை ஏற்றியோ, முன்பு ஒருமுறை விசா மறுக்கப்பட்டதை மறைத்தோ அவர் எழுதியிருந்தால், ஜன்னலுக்கு அப்பால் உள்ள அதிகாரிக்கு அது அந்தத் தாயின் வாக்குமூலமாகவே தோன்றும். முக்கியமான ஒரு விஷயத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னதாகத் தீர்மானித்தால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(ஏ)(6)(சி) பிரிவு ஆயுள் முழுவதற்கும் பிரவேசத் தடை விதிக்க இடம் தருகிறது. 'நான் எழுதவில்லை, ஏஜெண்டு எழுதினார்' என்ற பதில் அந்த ஜன்னலில் எளிதில் செல்லுபடியாவதில்லை.

அவசர நேர்காணல் கோரும் வசதியையும் சிலர் இவ்வாறே துர்விநியோகம் செய்கிறார்கள். நெருங்கிய உறவினரின் மரணம், கடும் வியாதி போன்ற காரணங்களுக்காக ஏற்பட்ட அந்த வசதியை, உயிரோடிருப்பவர்களைச் சாகடித்துக் கடிதம் தயாரித்துப் பெறப் பார்க்கிறார்கள். காரணம் பொய் என்று தெரிந்தால் அது விண்ணப்பதாரரின் கோப்பில் பதியப்பட்டு, முடிவையும் பாதிக்கக்கூடும் என்று தூதரகம் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது. மெய்யாகவே தகப்பனை இழந்து தவிக்கும் ஒருவரின் கோரிக்கையும், இத்தகைய பொய்களின் நடுவில் சந்தேகத்தோடு பார்க்கப்படும் அல்லவா?

படிவம் நிரப்புவதில் நேர்மையாக உதவிசெய்து, அதற்கு நியாயமான கூலி பெறும் பயண முகவர்கள் நம் ஊர்களில் நிச்சயமாக இருக்கிறார்கள். ஆங்கிலமும் கணினியும் பழக்கமில்லாதவர்களுக்கு அவர்கள் செய்யும் சேவையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்கள் விண்ணப்பதாரரை அருகில் அமர்த்திக் கேட்டு எழுதுவார்கள். கடவுச்சொல்லைத் தங்கள் வசம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். குறிப்பிட்ட வாரத்துக்குள் தேதி நிச்சயம் என்று வாக்களிக்கவும் மாட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பணயமாகக் கேட்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடலாம். 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி அது இந்திய அரசாங்கத்தின் சொத்து, அடகு வைக்கும் பொருளன்று.

பேறுகாலம் ஏழு மாதங்களுக்கு முன்பே தெரிகிற செய்தி. அன்றே கட்டணத்தைச் செலுத்தி, தொலைவிலிருந்தாலும் கிடைத்த தேதியைப் பதிவுசெய்துவிட்டு, ரத்தாகித் திரும்பிவரும் தேதிகளைக் குடும்பத்தில் ஒருவர் நாளுக்கு ஓரிரு முறை மட்டும் பார்த்து வந்தால், அந்த ஒரே மாற்றத்தை நல்ல தேதிக்காகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஓயாமல் உள்ளே நுழைந்து பார்ப்பதும் கணக்கு பூட்டப்படக் காரணமாகும். ஷெங்கன் விசாவுக்கும் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்க அனுமதி உண்டு.

ஏற்கெனவே கணக்கை ஏஜெண்டிடம் ஒப்படைத்தவர்கள், இன்றைக்கே கடவுச்சொல்லையும் ரகசியக் கேள்விகளையும் மாற்றி, மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் தங்களுடையவைதாமா என்று பார்க்க வேண்டும். தூதரகத்தின் அறிவிப்புகளெல்லாம் அந்த முகவரிக்கே போகின்றன. பிறகு அனுப்பிய படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, மகனோ மருமகளோ அருகிலிருந்து தமிழில் வரிவரியாகச் சொல்லிக்காட்ட வேண்டும். தவறு தென்பட்டால், நேர்காணலுக்கு முன்பே திருத்திய புதிய படிவத்தை அனுப்பி, அதன் எண்ணைக் கணக்கில் சேர்த்துவிட்டு, அதிகாரி கேட்கும்போது நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடலாம்.